துலாத்தில் இல்லாத குளம்

“குளம் இல்லேன்னா குழியும் இல்ல. இதில மனசிலாக்க என்ன கிடக்கு—”

“சபைக்கு நடுவில எழும்பி நின்னு—”

“—நான் எனக்க கண்ணால பாத்துட்டு வந்தவன்—”

“—ஒரு பெண்ணுக்க ஓலையை நிறுத்தினியளே, முதல்ல அதைச் சொல்லுங்க.”

“நிறுத்தாம பின்னே? எனக்க மவன் உசிரோட இருக்கான். அவனுக்கு நிச்சயம் பண்ணின பெண்ணை இன்னொருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கியதைக் கண்டுட்டு சும்மா இருக்கணுமா?”

மிஷன் கோயிலில் காலை ஆராதனை முடிந்து, கரமனைக்குத் திரும்பும் ரோட்டில் ராஜையனும் அவர் மனைவி தாசம்மாளும் இப்படிப் பேசிக்கொண்டு வந்தார்கள். பேசிக்கொண்டு என்பதைவிட, ஒருவர் பேச்சை ஒருவர் மிதித்துக்கொண்டு என்று சொல்வதே சரி. ராஜையன் நாலடி முன்னால் போவார்; ஏதோ ஞாபகம் வந்தவர்போல் நின்று, திரும்பி வந்து, ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மறுபடி முன்னால் போவார். தாசம்மாள் ஒரே நடையாக நடந்தாள். அவள் ஒருமுறை நடந்த ரோட்டை அவர் இரண்டு முறை நடந்தார். பின்னால் வந்த சபைக்காரர்கள் முந்திப் போகாமல், குடையைச் சாய்த்துப் பிடித்தபடி, காது கேட்கிற தூரத்திலேயே வந்தார்கள்.

காலையில் நடந்தது இதுதான். இவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப்போகிறது, தடை சொல்ல யாருக்காவது முகாந்தரம் உண்டானால் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். கேட்டுவிட்டு, யாரும் எழும்பமாட்டார்கள் என்ற நிச்சயத்தோடு அடுத்த பாட்டின் நம்பரைச் சொல்வார். அன்றைக்குச் சுவாமிதாஸின் மகள் ரோஸுக்கு ஓலை வாசித்தார்கள். மாப்பிள்ளை நெய்யாற்றின்கரையில் பள்ளிக்கூட வாத்தியார். பாட்டு நம்பருக்காகப் போதகர் வாயைத் திறக்கும்போது, ஆண்கள் பக்கத்து முன்வரிசையில் ராஜையன் எழும்பி, “முகாந்தரம் உண்டு” என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் வந்து அந்தச் சபையில் யாரும் கேட்டதில்லை. ஆர்மோனியக்காரர் விரலை எடுக்க மறந்துபோக, ஒரு சுரம் வெகுநேரம் ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

ராஜையன் மராமத்து இலாகாவில் மேஸ்திரி. குளம் தூர்வாருவது, கரை கட்டுவது, மடை வைப்பது என்று வயதெல்லாம் தண்ணீரோடு போனவர். கரமனை சுற்றுவட்டத்தில் எந்தக் குளத்தில் எந்தப் படி வழுக்கும் என்று கேட்டால் சொல்வார். ஒரே மகன் தங்கையன் போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் எழுத்து வேலை பார்த்தான். அந்த மலையில் செடி சேகரிக்க வந்த ஒரு துரை, செடிகளைக் காகிதத்துக்குள் வைத்து அழுத்திப் பெயர் எழுத அவனைப் பழக்கினார். காஷ்மீருக்குக் கூட வருகிறாயா என்றும் கேட்டார். ரோஸை அவனுக்கு நிச்சயம் செய்திருந்த நேரம். கல்யாணத்தை முடித்துவிட்டுப் போ என்றார் அப்பா. பனி உருகும் காலம் என் கல்யாணத்துக்காக நிற்காது, வந்து முடித்துக்கொள்கிறேன் என்றான் மகன்.

“போறதானா போ. பிறவு இந்த நடையில கால் வைக்கப்பிடாது” என்றார் ராஜையன்.

அவர் சொல்லி வாய் மூடுமுன் அவன் நடையைத் தாண்டியிருந்தான். தாசம்மாள்தான் ரோடு வரைக்கும் ஓடி, நீலப் பூப்போட்ட எனாமல் கோப்பை ஒன்றை அவன் பெட்டிக்குள் திணித்துவிட்டு வந்தாள். சோறு இல்லாமல் இருப்பான், சாயா இல்லாமல் இருக்கமாட்டான்.

அந்த வருஷம் ஓணத்துக்குப் பிறகு, துரைக்குச் சமையல்காரனாகப் போயிருந்த வேலாயுதன் மட்டும் திரும்பி வந்தான். தங்கையன் பனித்தண்ணீரில் விழுந்து மார்ச்சளி கண்டு இறந்துபோனான், துரை அப்போது மலைக்கு அந்தப்பக்கம் போயிருந்தார், நான்தான் ஆட்டிடையர்களைக் கூப்பிட்டு ஒரு குளக்கரையில் அடக்கம் செய்தேன் என்று சொல்லிப் பெட்டியை நடையில் வைத்தான். துரை அங்கிருந்தே தன் தேசத்துக்குக் கப்பலேறப் போய்விட்டாராம். பெட்டியில் எல்லாம் இருந்தது, கோப்பை இல்லை. கோப்பை எங்கே என்று ராஜையன் கேட்டார். குழியில் தலைமாட்டில் கவிழ்த்து வைத்தேன் என்றான் வேலாயுதன்.

ராஜையன் அதைப் பிடித்துக்கொண்டார். வேதக்காரன் குழியில் யாராவது கோப்பை வைப்பதுண்டா? செத்தவனுக்கு எதற்குக் கோப்பை? குடிக்கிறவனிடத்தில்தான் கோப்பை இருக்கும். பையன் எங்கேயோ இருந்து சாயா குடித்துக்கொண்டிருக்கிறான். அப்பா மேலுள்ள வெறுப்பில் வேலாயுதனிடம் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறான். துலாம் என்கிற ஐப்பசி மாத மழை தொடங்கியதும் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, வேலாயுதன் சொன்ன கிராமத்தின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, தனியாகவே ரயிலேறிப் போனார்.

போனவர் வந்து சொன்னதுதான் ஊர் முழுவதும் பரவியது. கடைசிக் கிராமத்தில் ஒரு குதிரைக்காரர் கிடைத்தார். அவர் மலைமேல் கூட்டிக்கொண்டு போய், காளைக்கொம்பு போல் பிளந்து நின்ற ஒரு பாறைக்குக் கீழே நிறுத்தி, இதுதான் என்று காட்டினார். காட்டிய இடத்தில் ஒரு பெரிய கல்லுக்குழி இருந்தது. குழியின் அடியில் கண்ணாடிபோல் ஒரு துண்டு ஐஸ், அவ்வளவுதான். குதிரைக்காரர் மலையைக் காட்டி, விரல்களை அசைத்து, இரண்டு கையையும் விரித்து, பிறகு பொத்திக் காட்டி, என்னவெல்லாமோ சொன்னார். குளிரைப் பற்றிச் சொல்கிறார் என்று ராஜையன் எண்ணிக்கொண்டார். அவர் குழிக்குள் இறங்கி மராமத்து ஆளாகப் பார்த்தார். சேறு இல்லை. கல்லில் பாசி இல்லை. ஒரு நத்தை ஓடு இல்லை. கரையென்று ஒன்று இல்லை, மடை இல்லை, படி இல்லை. இங்கே ஒருநாளும் தண்ணீர் நின்றதில்லை.

குளமே இல்லாத இடத்தில் குளக்கரை ஏது? குளக்கரை இல்லாத இடத்தில் குழி ஏது? அதற்கு மேல் அவர் எதையும் தேடவில்லை. கைக்கெட்டிய கல் மூன்றை எடுத்து அடுப்புக் கூட்டி, குதிரைக்காரருக்கும் தனக்குமாகச் சாயா போட்டார். “அந்தச் சாயா மாதிரி ஒரு சாயா நான் பிறந்ததுக்குப் பிறவு குடிச்சதில்ல, கேட்டோ” என்று வந்து எல்லாரிடமும் சொன்னார். மகனை உயிரோடு திரும்பப் பெற்ற மனுஷனின் முகம் அப்போது அவருக்கு இருந்தது.

அந்த முகம் நிலைக்கவில்லை. மகன் உயிரோடு இருந்தால் வரவேண்டும் அல்லவா? தம்பானூர் ஸ்டேஷனுக்கு மெயில் வரும் நேரமெல்லாம் ராஜையன் அங்கே நின்றார். சோற்றின் முன்னால் உட்கார்ந்து, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்தார். எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டு, ஆரியசாலையில் அரிசி மண்டிகளுக்கு நடுவே வேலாயுதனின் துண்டைப் பிடித்து இழுத்தார். அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் வேலாயுதனைச் சமையலுக்குக் கூப்பிடுவது நின்றுபோயிற்று. செத்தவனைப் பற்றிப் பொய் சொன்னவன் கையால் யார் சாப்பிடுவார்கள்?

இப்போது ரோஸின் ஓலையும் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்தும் சண்டை ஓயவில்லை. தாசம்மாள் பலாச்சக்கை வெட்ட உட்கார்ந்தாள். வைகாசியான இடவம் பிறந்து, பின்புறத்து மரத்தில் தூர் முதல் கிளைவரை சக்கை தொங்கிய சமயம். கைக்கு எண்ணெய் தடவி, சுளையைப் பிய்த்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, வேலாயுதன் எந்த மாதம் அந்த இடத்தில் இருந்தான் என்று கேட்டாள். இடவம் முடிந்து வரும் மிதுனம் என்றல்லவா சொன்னான் என்றார் ராஜையன்.

“நீங்க போனது துலாத்தில.”

“அதுக்கு?”

“இந்த மரத்தில இப்பம் சக்கை கிடக்கு. துலாத்தில வந்து ஒருத்தன் அண்ணாந்து பாத்துட்டு, இது சக்கை காய்க்கிய மரமே இல்லேன்னு சொன்னா நீங்க என்ன சொல்லுவிய?”

“குளம் என்ன மரத்திலயா காய்க்கியது? வெள்ளாயணிக் காயலு துலாத்தில ஒண்ணு, மிதுனத்தில ஒண்ணுன்னு கண்டிருக்கியா நீ? கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். ஒரேயடியா எழும்பிப் போவுமா?”

அவள் இன்னொரு சுளையைப் பிய்த்துப் போட்டாள். இருந்தாலும், அதே மாதத்தில், அதே ஆளோடு போய்ப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள். தானும் வருவதாகச் சொன்னாள். ராஜையன் சிரித்தார். குளித்துறைக்கு நடந்தாலே மூச்சு வாங்குகிறவள் ராவல்பிண்டிக்கு வருகிறாளாம் என்று சுளையைப் பார்த்துச் சொன்னார்.

சாயங்காலம் போதகர் வந்தார். அவர் யார் பக்கமும் பேசவில்லை. முகாந்தரம் என்று சொன்னதால் அதை விசாரிக்காமல் கல்யாணத்தை நடத்தித் தர முடியாது. கர்க்கடகம் என்கிற ஆடி முடிவதற்குள் தங்கையன் இருக்கிறான் என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால், தடை சொன்ன வீட்டார் அதே சபையில் அதே இடத்தில் எழும்பி நின்று தடையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். காட்டுகிறேன் என்றார் ராஜையன். எப்படி என்று போதகர் கேட்டதற்கு, தாசம்மாள் உள்ளேயிருந்து, “நாங்க போறோம்” என்றாள்.

அவள் தன் கழுத்துச் சங்கிலியை விற்றது, அவர் மறுபடி லீவு வாங்கப் பட்ட பாடு எல்லாம் இருக்கட்டும். வேலாயுதனைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிய காரியம். ஆரியசாலையில் ஒரு மண்டிக்குப் பின்னால் அவன் இருந்த அறைக்குத் தாசம்மாள் தனியாகப் போனாள். அவன் பாயைத் தட்டிப் போட்டுவிட்டு, தான் வாசலில் நின்றுகொண்டான்.

“அக்கா, நான் அந்தக் குளத்தை ஒரு தடவை பாத்தேன். மதி, அது போதும். இனி ஒரு தடவை பாக்க எனக்கு வய்யா.”

“உன்னை ஊரே பொய்க்காரன்னு சொல்லுதே, வேலாயுதா.”

“சொல்லட்டு. பொய் சொல்லணும்னா நான் நல்லதாட்டு ஒரு பொய் சொல்லியிருக்க மாட்டேனா? பையன் துரையோட கப்பலேறிப் போனான்னு சொன்னா, அண்ணாச்சி எனக்கு வேட்டி எடுத்துத் தந்திருப்பாரு.”

தாசம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயாலேயே அழவும் செய்தாள். அவன் மறுபேச்சுப் பேசாமல் சுவரில் தொங்கிய துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தான்.

புறப்படும் நாள் ஸ்டேஷனுக்கு ரோஸ் வந்தாள். அப்பாவுக்குத் தெரியாமல் வந்தவள், தலையில் முக்காட்டை இழுத்துவிட்டிருந்தாள். ராஜையனிடம் அவள் பேசவில்லை. ஜன்னல் பக்கம் வந்து, ஒரு பொதி அவலைத் தாசம்மாளின் மடியில் வைத்தாள்.

“மாமி, காத்திருக்கியதுக்கு எனக்குச் சலிப்பு இல்ல. எதுக்குக் காத்திருக்கேன்னு தெரியணும், அவ்வளவுதான். உண்டுன்னா உண்டு, இல்லேன்னா இல்ல. நடுவில நிக்க எனக்கு வய்யா.”

நடுவில் நிற்க முடியாதவர் இன்னொருவரும் அந்த வண்டியில் இருந்தார். மதராஸ் வரை ராஜையன் ஒரு ஸ்டேஷன்கூட உட்கார்ந்திருக்கவில்லை. வண்டி நிற்பதற்கு முன்னால் இறங்குவார். நகர்ந்த பிறகு ஏறுவார். பிளாட்பாரத்தில் சாயாக் கடையைச் சுற்றி நிற்கும் பையன்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு வருவார். டில்லிக்குப் போகும் வண்டியில் அது இன்னும் அதிகமாயிற்று. தாசம்மாள் அவருடைய டிக்கெட்டை வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டு, வண்டியை விட்டால் தண்டவாளத்தில் நடந்துதான் வரவேண்டும் என்று சொல்லிப்பார்த்தாள். லாகூரில், சுருட்டைமுடியாக ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கப் போய்த் தோளைத் தொட்டார். திரும்பிய முகத்தில் மார்புவரை தாடி இருந்தது. “சாரி, சாரி” என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்து வந்து பெட்டியில் ஏறினார்.

“தாடி வளந்திருக்குமோன்னு பாத்தியளோ?” என்றாள் தாசம்மாள்.

அவர் கேட்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலாயுதன் மேல்பலகையில் படுத்தபடி, இந்த ஊர்க்காரர்கள் சப்பாத்தியை எப்படிச் சுடுகிறார்கள் என்பதை மட்டும் குறை சொல்லிக்கொண்டு வந்தான்.

ராவல்பிண்டியில் இறங்கி, மோட்டார் லாரியில் ஸ்ரீநகர். அங்கிருந்து வேறொரு லாரி. பிறகு ரோடு முடிந்துபோயிற்று. கடைசிக் கிராமத்தில் அதே குதிரைக்காரர் இருந்தார். ராஜையனைக் கண்டதும் அடையாளம் தெரிந்து சலாம் வைத்து, தாசம்மாளைப் பார்த்து, தன் குதிரைகளில் சாதுவானதைப் பிடித்துக்கொண்டு வந்தார். தாசம்மாள் சேலைக்கு மேல் கணவரின் மராமத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் பிடரிமயிரைப் பற்றியபடி உட்கார்ந்தாள். ராஜையன் குதிரை வேண்டாம் என்றார். முன்னால் ஏறிப் போய், நின்று, திரும்பி வந்து, மறுபடி ஏறினார். காற்று மெலிந்த இடத்திலும் அவர் அப்படியே செய்தார். நெஞ்சு அடைத்து ஒரு பாறையில் சாய்ந்தவரை வேலாயுதன் கையைக் கொடுத்துத் தூக்கினான். துண்டைப் பிடித்து இழுத்த நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் தொட்டுக்கொண்டது அப்போதுதான்.

“பைய நடங்க அண்ணாச்சி. அது எங்கயும் போவாது.”

“போச்சுன்னுதானே நீங்க சொல்லுதிய” என்றார் ராஜையன்.

காளைக்கொம்புப் பாறை முதலில் தெரிந்தது. ராஜையன் அதைச் சுட்டிக்காட்டி, இதேதான், இதே பாறைதான், இப்போது பார் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டு மேட்டின்மேல் ஏறினார். ஏறியவர் அங்கேயே நின்றுவிட்டார். ஊரைவிட்டுப் புறப்பட்ட பிறகு, யாரும் சொல்லாமல் அவர் அப்படி நின்றது இல்லை.

கீழே தண்ணீர் கிடந்தது. வெள்ளை வேட்டிக்கு நீலம் போட்டுக் கலக்கிய தொட்டிபோல், பாறைக்கும் மேட்டுக்கும் இடையே அந்தப் பெரிய குழி முழுவதும் நிரம்பிக் கிடந்தது. எதிர்ச் சரிவில் பனி ஒரு கூரைபோலத் தொங்க, அதன் ஓரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டியவை கல்லிடுக்குகளில் சேர்ந்து, எண்ண முடியாத சிறு வாய்க்கால்களாகத் தண்ணீருக்குள் இறங்கின. பனித்துண்டுகள் இரண்டு மூன்று நடுவில் மிதந்தன. ஓரத்துப் புல்லில் மஞ்சள் பூக்கள். தங்கையன் காகிதத்தில் அழுத்தி வைத்தவை இவையாகத்தான் இருக்கும் என்று தாசம்மாள் நினைத்தாள்.

“இது இடம் வேற” என்றார் ராஜையன்.

பாறை அங்கேயே நின்றது. குதிரைக்காரர் அவர் பக்கத்தில் வந்து, மேலே பனியைக் காட்டினார். விரல்களை மழைபோல் அசைத்துக் கீழே இறக்கினார். இரண்டு கையையும் விரித்தார். பிறகு, போன தடவை செய்ததுபோலவே, மெல்லப் பொத்திக் காட்டிச் சிரித்தார்.

“இது யாரு வெட்டினது?” என்று கேட்டார் ராஜையன். கேள்வி வேலாயுதனுக்கா தண்ணீருக்கா என்று தெரியவில்லை.

“யாரும் வெட்டல்ல, அண்ணாச்சி. அதுவாட்டு வரும், அதுவாட்டு போவும். ஆடு மேய்க்கியவனுவ அன்னைக்கே சொன்னானுவ. எனக்கு நம்ம ஊரு நினைப்பு; போவும்னு நம்பல்ல. நம்பியிருந்தா உங்ககிட்ட சொல்லியிருப்பேனே.”

ராஜையன் கரையோரமாகச் சுற்ற ஆரம்பித்தார். குனிந்து கல்லைப் புரட்டிப் பாசி இருக்கிறதா என்று பார்த்தார். தண்ணீருக்குள் கையை விட்டுச் சேற்றைத் துழாவினார். கை சிவந்து மரத்ததுதான் மிச்சம். பாசி அப்போதும் இல்லை, நத்தை அப்போதும் இல்லை. வெறும் கல்லின்மேல் வெறும் தண்ணீர். படித்துறைக் குளங்களில் தான் கற்றது எதுவும் இந்தத் தண்ணீருக்குத் தெரியாது என்பது அவர் நடையில் தெரிந்தது. முதலில் வேகமாக, பிறகு நின்று நின்று, பிறகு மறுபடி வேகமாக நடந்தார்.

அவர் சுற்றி வருவதற்குள் வேலாயுதன் நேராக வடக்குக் கரைக்குப் போயிருந்தான். அங்கே தண்ணீருக்குச் சற்று மேலே, ஆள் நீளத்துக்குக் கற்கள் குவிந்து கிடந்தன. கூடாரக் கம்பை ஒடித்துக் குருசு கட்டி வைத்திருந்தேன், காணவில்லை, விறகுக்கு எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று தாசம்மாளிடம் சொன்னான். குவியலின் ஒரு நுனி சரிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், கைநீட்டும் தூரத்தில், மூன்று கற்கள் அடுப்பாகக் கூடி நின்றன. மூன்றின் உட்புறமும் கரி.

“பாருங்க அக்கா, இந்த இடையன்மாரு செய்திருக்கிய வேலையை. அடுப்புக்குக் கல்லு வேணும்னா மலை முழுக்கக் கிடக்கு. தலைமாட்டுக் கல்லையா எடுக்கியது? மனுஷனா இவனுவ?”

ராஜையன் அப்போது அங்கே வந்து சேர்ந்திருந்தார். அடுப்பைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். மறுபடி அடுப்பைப் பார்த்தார்.

“இடையன்மாரு இல்ல” என்றார்.

வேலாயுதனுக்குப் புரிய நேரமாயிற்று. தாசம்மாளுக்கு உடனே புரிந்தது. பிறந்ததற்குப் பிறகு அப்படி ஒரு சாயா குடித்ததில்லை என்று அவர் சொன்னதை, கரமனையிலும் பாளையத்திலும், வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னதை, அவள் பக்கத்தில் நின்று கேட்டவள். அவள் கோட்டின் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

வேலாயுதன் குந்தி உட்கார்ந்து, சரிந்த நுனியில் இருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்தான். கொஞ்ச ஆழத்தில் நீலம் தெரிந்தது. மண்ணைத் துடைத்துக் கோப்பையை எடுத்து நீட்டினான். விளிம்பில் ஒரு பக்கம் எனாமல் தெறித்துப்போய்த் துரு ஏறியிருந்தது. ராஜையன் கையை நீட்டவில்லை. தாசம்மாள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“வேதக்காரனுக்கு இதெல்லாம் வைக்கியது இல்லேன்னு எனக்குத் தெரியும் அக்கா” என்றான் வேலாயுதன். “கடைசியில அவன் சாயா கேட்டான். விறகு நனஞ்சு கிடந்தது. நான் ஊதுதேன் ஊதுதேன், பிடிக்கமாட்டேங்கு. தண்ணி கொதிச்சு நான் திரும்பிப் பாக்கும்போ ஆளு இல்ல. பின்னே அந்தக் கோப்பையை நான் எப்பிடிப் பெட்டிக்குள்ள வைப்பேன்?”

இதை அவன் இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் துண்டைப் பிடித்து இழுத்தபோதுகூடச் சொல்லவில்லை.

ராஜையன் குனிந்து அடுப்புக் கற்களில் ஒன்றைத் தூக்கினார். தண்ணீருக்குப் போய், அதை முக்கி, மணலை அள்ளி வைத்துத் தேய்த்தார். கரி போகவில்லை. கொண்டுவந்து குவியலின் தலைமாட்டில் வைத்தார். வைத்தது சரியாக உட்காரவில்லை என்று எடுத்துத் திருப்பி வைத்தார். இரண்டாவது கல்லைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போனார். தேய்த்தார், வந்தார், வைத்தார். வைத்ததைப் பார்த்துவிட்டு, முதல் கல்லை மறுபடி எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு இறங்கினார். குளிர்ந்த தண்ணீரில் அவர் விரல் நுனிகள் வெடித்து ரத்தம் கசிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. எத்தனை தடவை அப்படி ஏறி இறங்கினார் என்று மற்ற இரண்டு பேரும் எண்ணவில்லை. குதிரைக்காரர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

வெயில் சாய்ந்தபோது எதிர்ப்பக்கம் சொட்டுவது குறைந்தது. வாய்க்கால்களின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. வேலாயுதன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து ராஜையனின் கையைச் சுற்றப் போனான். அவர் கையை இழுத்துக்கொண்டார். மூன்றாவது கல்லை எடுத்தார்.

தாசம்மாள் எழுந்தாள். கோப்பையை இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்து, மேலே மண்ணைத் தள்ளினாள். மண்ணைத் தள்ளிய கையாலேயே அவர் கையிலிருந்த கல்லை வாங்கி, கரியோடு அப்படியே அதன்மேல் வைத்தாள். அது சரியாக உட்கார்ந்தது. ராஜையன் வெறுங்கையோடு தண்ணீரைப் பார்த்துத் திரும்பினார். அவர் மறுபடி கரையைச் சுற்றத் தொடங்குவதற்குள் அவள் கேட்டாள்.

“கழுவினது மதி, தங்கையனுக்க அப்பா. பெண்ணுவ எழும்பிப் பேசிய சபை இல்ல நம்மளது. இருந்தாலும் கேக்கேன். அன்னைக்கு நீங்க எழும்பி நின்ன அதே இடத்தில, ரோஸுக்க முன்னால எழும்பி நிக்கப்போறது ஆரு, நீங்களா நானா?”